நான் கட்டிய குருவிக்கூடு

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்த இடம் குளியலறை. கதவைத் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து மூன்று முறை "முடியாது" என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை நன்றாகவே வந்தது. எனக்கே என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயம். அந்தச் சூடு ஆறுவதற்குள் வெளியே வந்தேன்.

"உள்ள யாரோட பேச்சு?" என்றாள் மனைவி.

"யாரோடயும் இல்ல. தொண்டையைச் சரி பண்ணினேன்."

"திங்கக்கிழமை கண்ணாடிக்காரர் வர்றார். அதுக்குள்ள பால்கனியைக் காலி பண்ணி வெச்சிடுங்க."

"சரி," என்றேன்.

அவ்வளவுதான் என் புரட்சி. குழாயை மூடக்கூட மறந்துவிட்டேன். அதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. இதில் எனக்கென்று இருப்பது பால்கனி மட்டும். ஒன்பது அடிக்கு நாலடி. அதில் ஒரு பிரம்பு நாற்காலி. அலமாரியில் எனக்கு ஒரு தட்டு ஒதுக்கப்பட்டிருந்தது உண்மைதான். அதில் தலையணை உறைகள் குடியேறி வருடம் மூன்றாகிறது. பால்கனியை மட்டும் யாரும் கேட்கவில்லை. மழைச்சாரல் அடிக்கும் இடம் என்பதால் விட்டுவைத்திருந்தார்கள்.

என் வேலையைச் சொன்னால் அந்த நாற்காலியின் அருமை உங்களுக்குப் புரியும். லிஃப்ட் கம்பெனியில் புகார் மேசை எனக்கு. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத்தான் போன் செய்வார்கள். அழுவார்கள். திட்டுவார்கள். ஒருவர் என்னிடம் உயிலைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் பதறாமல், "ஆள் கிளம்பிட்டார் சார், பக்கத்துத் தெருவுலதான் இருக்கார், ரெண்டே நிமிஷம்" என்பேன். ஆள் அப்போது என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இருபது வருடமாக இதைச் செய்கிறேன். காதில் ஹெட்போன், வாயில் பொய். நாள் முழுக்கப் பெட்டிக்குள் அடைபட்டவர்களின் அலறலைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்குச் சாயந்தரம் திறந்த வெளியும் அமைதியும் வேண்டாமா? பால்கனியில் உட்கார்ந்தால் ஒரு சத்தம் கேட்காது. அப்படி ஓர் அமைதி.

என் மனைவி ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்பவள். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய சத்தங்களை அனுப்பி, கேட்டதா இல்லையா என்று குறித்துக்கொள்வாள். அப்படி ஓர் அறையை வீட்டிலேயே போட வேண்டும் என்பது அவளுடைய திட்டம். பால்கனியைச் சுற்றிக் கண்ணாடி அடைத்துவிட்டால் அறை தயார்.

"ஆஸ்பத்திரி இருக்கறப்ப வீட்ல எதுக்கும்மா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன்னு சொல்றவங்க இருக்காங்கங்க. வீட்டோட ஒரு ரூம் இருந்தா பிடிச்சு உக்கார வெச்சுப் பாத்துடலாம்."

"யாரு அப்படி வர மாட்டேங்கறது?"

"இருக்காங்க. பிடிவாதக்காரங்க."

"பாவம்," என்றேன்.

என்னையும் மூன்று தடவை பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். வாஷிங் மெஷின் துவைத்து முடித்து அரை மணி நேரமாகப் பீப் பீப் என்று கத்தியும் நான் எழுந்து போகவில்லையாம். கேட்டது, கவனிக்கவில்லை என்றேன். கல்யாணமானவனுடைய காது அப்படித்தான். எல்லாவற்றையும் உள்ளே விட்டால் மனிதன் பிழைக்க முடியுமா? "நாள் முழுக்க இந்தக் காதை வெச்சுத்தான் பொழைக்கறேன். என் காதுக்கு என்ன கேடு?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் வேலையை வீட்டுக்குள் கொண்டுவருவது எனக்குப் பிடிக்காது.

சனிக்கிழமை காலையில், போகப்போகிற பால்கனியில் கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அது வந்தது. ஏசியின் வெளிப்பெட்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டுவதற்காக நான் வைத்திருந்த தட்டில் வந்து உட்கார்ந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு மேல் வெள்ளையாக ஒரு கோடு. நீள வால். அந்த வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே தட்டுத் தண்ணீரில் இரண்டு வாய் குடித்தது. வாலாட்டிக் குருவி. பிறகு கம்பி மேல் ஏறி, என்னை நேராகப் பார்த்து வாயைத் திறந்தது. தொண்டை புடைத்தது. நெஞ்சு விம்மியது. ஒரு சத்தம் வெளியே வரவில்லை. வாயை மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. மறுபடியும் ஒன்றும் வரவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் தன் காரின் பக்கக் கண்ணாடிகளுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். முதல் மாடியில் குடியிருப்பவர். காருக்குச் சாக்ஸ் மாட்டுகிறவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியுமா? இறங்கிப் போனேன்.

"என்ன சார், வண்டிக்குக் குளிருதா?"

"எல்லாம் அந்த வாலாட்டி பண்ற வேலை சார். கண்ணாடியில தன் உருவத்தைப் பாத்துட்டு, வேற குருவி வந்திருக்குன்னு நினைச்சுக் கொத்துது. நேத்து ஒரு பொண்ணு ரிவர்ஸ் எடுக்குது. கண்ணாடியைப் பாரும்மான்னேன். 'சார், ரெண்டு குருவி சண்டை போடுது, முடிஞ்சதும் எடுக்கறேன்'னு சொல்லுது."

"எங்கேருந்து சார் வருது இது?"

"எங்கேருந்தும் வரல. நாமதான் வந்தோம். இந்த இடம் பூரா ஒரு காலத்துல சதுப்பு நிலம். நாணலும் தண்ணியுமா இருந்துச்சு. நிரப்பி வீடு கட்டினோம். கொக்கு போச்சு, தவளை போச்சு. இது மட்டும் போகல. தண்ணி எங்கே இருக்குன்னு சுத்திப் பாத்துச்சு. உங்க ஏசில சொட்டுது, நான் கார் கழுவறது ஓடுது. இது போதும்னு தங்கிடுச்சு."

"நல்லா அனுசரிச்சுப் போற ஜென்மம்," என்றேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"அனுசரிப்பா! விடியக்காலைல நாலரை மணிக்கு ஆரம்பிக்குது சார். உயிரை வாங்குது. உங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?"

"நாங்க கண்ணாடியெல்லாம் வீட்டுக்குள்ள வெச்சிருக்கோம்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கூடு கட்டிடுச்சுன்னா இன்னும் மோசம் சார். ரெண்டு வாரம் அடைகாக்கும், ரெண்டு வாரம் குஞ்சை வளர்க்கும். ஒரு மாசத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆணி அடிக்க முடியாது. போன வருஷம் மொட்டை மாடியில தண்ணித் தொட்டி ஓரமா கட்டிடுச்சு. பெயிண்ட் அடிக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பினாங்க. முட்டையைப் பாத்துட்டா அதுக்கப்புறம் யாருக்கும் மனசு வராது" என்றார்.

ஒரு மாசத்துக்கு ஒரு ஆணி அடிக்க முடியாது! லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடியும் படியேறினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். வாசல் கால்மிதியைப் பிரித்து நார் எடுத்தேன். துடைப்பத்திலிருந்து குச்சி. மனைவியின் சீப்பிலிருந்து முடி. பறவைக்கு ஓர் அலகுதான். எனக்குப் பத்து விரல். மூன்று மணி நேரம் ஆனது. முதலில் கட்டிய கூடு, பெருக்கித் தள்ளிய குப்பை மாதிரி இருந்தது. இரண்டாவது பார்க்க நன்றாக இருந்தது. தூக்கியதும் பிரிந்து என் காலிலேயே கொட்டியது. மூன்றாவதைச் சூப் கிண்ணத்துக்குள் வைத்து அழுத்தி, பசை தடவி, வெயிலில் காயவைத்தேன். அருமையாக வந்தது. குருவி பார்த்தால் வாடகைக்குக் கேட்கும்.

ஏசி வெளிப்பெட்டிக்கு மேலே, சுவரோரமாகக் கொண்டுபோய் வைத்தேன். கீழேயிருந்து பார்த்தால் விளிம்பு மட்டும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது ஸ்டூல் போட்டு ஏறுகிற எனக்கு மட்டும்தான் தெரியும். மனைவிக்கு ஸ்டூல் என்றாலே தலைசுற்றும். திட்டத்தில் ஓர் ஓட்டை கிடையாது.

அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடினேன். "சத்தம் போடாதே! மெதுவா வா. பால்கனியில குருவி கூடு கட்டியிருக்கு!"

"எப்ப?"

"எப்பவோ. நான் இன்னிக்குத்தான் பாத்தேன்."

"வாசல்ல கால்மிதி எங்க?"

"துவைக்கப் போட்டிருக்கேன். அதை விடு. மூணு முட்டை. இல்ல, நாலு. தாய்க்குருவி உள்ளயே உக்காந்திருக்கு."

அவள் பால்கனிக்கு வந்தாள். கூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கூட்டைப் பார்த்தாள். பிடிபட்டுவிட்டேனோ என்று தோன்றியது. ஆனால் இருபது வருடப் பயிற்சி சும்மா போகுமா? "மெல்ல முனகுது கேளு," என்றேன்.

இருவரும் அசையாமல் நின்றோம். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இப்ப கேக்குதா?" என்றாள்.

"நல்லாக் கேக்குது."

"எந்தக் காதுல?"

"இடது காதுல. கொஞ்சம் வலதுலயும்."

பிறகு என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி, "இப்ப?" என்றாள்.

எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டால் சந்தேகம் வரும் அல்லவா? "இப்ப இல்ல. தூங்கிடுச்சு போல," என்றேன்.

அவள் முகம் மாறியது. கோபம் இல்லை. சந்தேகமும் இல்லை. ரொம்பக் கனிவாக என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் அப்படி நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறாள். அதில் இரண்டு தடவை எனக்குக் காய்ச்சல். உள்ளே போய்க் கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வர வேணாம். வீட்ல குருவி கூடு கட்டியிருக்கு. ஒரு மாசம் போகட்டும், சொல்றேன்."

ஜெயித்துவிட்டேன். குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்துக் கை குலுக்கிக்கொண்டேன்.

அந்த மகிழ்ச்சி மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. கண் விழித்துப் பார்த்தால் பால்கனிக் கதவில் பூட்டு. பக்கத்து ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. என் பிரம்பு நாற்காலி கூடத்துக்கு வந்திருந்தது. மனைவி ஒரு டேப்பைப் பிடித்து ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடுவே அளந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கு பூட்டு?"

"ஆள் நடமாட்டம் இருந்தா தாய்க்குருவி முட்டையை விட்டுட்டுப் போயிடுமாம். குஞ்சு பறக்கற வரைக்கும் யாரும் பால்கனிக்குப் போகக் கூடாது."

"நான் ஓரமா உக்காந்துக்கறேனே?"

"நீங்க ஆளில்லையா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஆள் இல்லை என்றால் மானம் போகும். ஆள் என்றால் பால்கனி போகும்.

"நாற்காலி ஏன் சுவரைப் பாத்திருக்கு?"

"உங்க முகம் தெரிஞ்சா பறவை பயப்படும்."

"என் முகமா?"

"யார் முகமா இருந்தாலும்தான். உக்காருங்க."

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணி முதல் ஆறரை வரை குருவி நேரம். மின்விசிறி நிற்கும். டிவி நிற்கும். ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிடுவாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அவள் எனக்குப் பின்னால் ஜன்னலைப் பார்த்தபடி, ஆஸ்பத்திரி நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்துகொள்வாள்.

"ஃப்ரிட்ஜ் சத்தம்கூடவா குருவிக்கு ஆகாது?"

"அடைகாக்கறப்ப ஆகாது. பேசாம இருங்க. இப்ப கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எவ்வளவு சத்தமா?"

"ரகசியம் பேசற மாதிரி."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"லேசா... கேட்டுச்சு கேட்டுச்சு."

ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வாள். பறவைகளைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் கூட்டுக்கு இவ்வளவு மரியாதையா! வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்து, "அப்பா, வரப்போற குஞ்சுக்கெல்லாம் என்ன பேரு வெச்சீங்க?" என்று கேட்டாள். வைத்தேன். நாலு பேர். பொய் சொல்வதில் எனக்கு ஒரு முழுமை வேண்டும்.

ஒருநாள் டிரைவிங் ஸ்கூல்காரர் லிஃப்டில் என்னை மடக்கினார்.

"உங்க பால்கனியில கூடு கட்டியிருக்காமே? ஆனா அது எப்பப் பாத்தாலும் என் கார் மேலயே உக்காந்திருக்கே சார்?"

"அது புருஷன்," என்றேன். "அது வெளியதான் இருக்கும்."

அவர் தலையாட்டினார். அவருக்கும் கல்யாணம் ஆனதுதானே.

பதினாலாவது நாள் குஞ்சு பொரித்தது. அதாவது, பொரித்ததாக அறிவித்தேன். இருபத்தைந்தாவது நாள் இறக்கை முளைத்தது. அன்று ஆபீசில், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் "ரெண்டே நிமிஷம் சார்" என்று சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைவிட மோசமாக நான் மாட்டியிருக்கிறேன். குஞ்சுகள் பறந்தால் கண்ணாடிக்காரர் வருவார். பறக்காவிட்டால் பூட்டு திறக்காது. மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. நான் போன் செய்து அழவும் ஆள் இல்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அன்று இரவு சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தேன். "இந்தக் குருவி ரெண்டாவது தடவையும் முட்டை போடும் போலிருக்கு. பறவைதான் நம்மோட பழகிடுச்சே? பூட்டை எடுத்துட்டா என்ன?"

"ரெண்டாவது தடவையா? நல்லா போடட்டும். பூட்டு இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்," என்று சொல்லி எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள்.

முப்பதாவது நாள் காலை. மின்விசிறி இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரில் சுவர். சுவரில் இருந்த அத்தனை விரிசலும் எனக்கு மனப்பாடம். பின்னாலிருந்து அந்தக் குரல்.

"இப்ப கேட்டுச்சா?"

"கேக்கல!" எழுந்து நின்றுவிட்டேன். "ஒண்ணும் கேக்கல! ஒரு நாளும் கேக்கல! கூட்டுல முட்டையும் இல்ல, குஞ்சும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கூடே நான் கட்டினது. என் பால்கனியை எடுத்துக்காதேன்னு சொல்லத் தைரியமில்ல. அதான் கட்டினேன். போதுமா?"

அவள் பேனாவை மூடினாள்.

"ஒரு மாசத்துல இன்னிக்குத்தான் சரியான பதில் சொல்லியிருக்கீங்க," என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"கூட்டுல கால்மிதியோட சிவப்புக் கரை தெரியுதுங்க. எந்த ஊர்க் குருவி பசை போட்டு ஒட்டும்?"

"அப்ப ஏன் சும்மா இருந்தே?"

"சும்மா எங்க இருந்தேன்?" நோட்டை என் பக்கம் திருப்பினாள். தேதிவாரியாகக் கட்டம் போட்டு, வலது, இடது என்று பிரித்து, முப்பது நாள் கணக்கு. "ஆஸ்பத்திரிக்கு இப்படி ஆளுங்க வருவாங்க. காது கேக்கலன்னு ஒத்துக்கக் கௌரவம் இடம் கொடுக்காது. சத்தமே அனுப்பாம சும்மா இருப்பேன். அப்பவும் கையைத் தூக்குவாங்க. நீங்க நூத்திப் பத்து தடவை கேட்டுச்சுன்னு சொல்லியிருக்கீங்க. அப்பல்லாம் பால்கனியில ஒரு ஈ கூட இல்ல. அந்த வாலாட்டி கம்பியில உக்காந்து தொண்டை கிழியப் பாடினப்ப ஒரு தடவைகூட நீங்க திரும்பல, உங்களுக்குக் கேக்கவே இல்ல."

"அது பாடுமா?" என்றேன்.

அவள் கண் கலங்கியிருந்தது.

"ஊரையே எழுப்புதுங்க," என்றாள்.

அந்தக் குருவியை நான் ஊமை என்றே நினைத்துவிட்டேன். என் பால்கனியின் அமைதி, நான் இத்தனை நாளாக ரசித்த அமைதி, பால்கனியில் இல்லை. என் காதுக்குள் இருந்திருக்கிறது. "வேலை போயிடுமா?" என்று கேட்டேன். வெட்கமாக இல்லை, பயமாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் போகாது. மனுஷக் குரல் நல்லாக் கேக்குது. கீச்சுச் சத்தம்தான் போயிருக்கு. சின்னதா ஒரு மிஷின் மாட்டிக்கிட்டா சரியாயிடும். மூணு தடவை கூப்பிட்டேன், வரல. அதான் வீட்லயே ரூம் போட்டுப் பிடிக்கலாம்னு பாத்தேன். நீங்களே கூட்டைக் கட்டி, நாற்காலியில வந்து உக்காந்து, தினமும் தவறாம டெஸ்ட் கொடுத்துட்டீங்க."

"அந்தப் பிடிவாதக்காரங்கன்னு சொன்னியே..."

"கட்டடத்துல நாலஞ்சு பேர் இருக்காங்க. நீங்கதான் தலைவர்."

பிறகு கைப்பையைத் திறந்து பால்கனிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன். இனிமே உங்க இஷ்டம். நீங்களா சொல்ற வரைக்கும் கண்ணாடிப் பேச்சை நான் எடுக்க மாட்டேன்."

நானா சொல்வேன்? உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எப்படியோ சுற்றி வளைத்துப் பால்கனி என் கைக்கு வந்துவிட்டது. அந்த வாரமே நல்ல பிள்ளையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு காதுக்கும் இரண்டு மிஷின். கடலைப் பருப்பு அளவுதான். "காலைல எழுந்ததும் மாட்டிக்கணும், படுக்கறப்பதான் கழட்டணும், இல்லைன்னா பழகாது" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வாலாட்டி வந்தது. தட்டில் தண்ணீர் குடித்தது. கம்பியில் ஏறி வாயைத் திறந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் துளியூண்டு உடம்புக்குள் இவ்வளவு பாட்டா! மேலே ஏறி, கீழே இறங்கி, நடுவில் ஒரு சீட்டி அடித்து, மறுபடி முதலிலிருந்து. சமையலறையில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாம் நாளும் ரசித்தேன். தாளம்கூடப் போட்டேன். மூன்றாம் நாள், எப்போது முடிக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். முடிக்கவில்லை. நாலாம் நாள் அது தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தது. அதுவும் பாடுமாம்.

குருவி மட்டும் என்றால் பரவாயில்லை. ஏசித் தட்டில் சொட்டு விழுவது மத்தளம் வாசிப்பதுபோல் இருந்தது. என் பிரம்பு நாற்காலி இத்தனை நாளும் முனகிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. வாஷிங் மெஷின் பீப் என்றால் நெஞ்சு பக்கென்றது. கீழே டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு மாணவனுக்குப் பிரேக் எது என்று கெஞ்சிச் சொல்லிக்கொண்டிருப்பது மூன்றாம் மாடிக்குத் தெளிவாக வந்தது. சமையலறையில் என் மனைவி முணுமுணுப்பதும் கேட்டது. இத்தனை வருடம் அதைப் பாட்டு என்று நினைத்திருந்தேன். முழுக்க என்னைப் பற்றியது.

ஆறாம் நாள் குருவி ஜோடி வெறும் கம்பியில் நிற்காமல் என் நாற்காலிக் கையில் வந்து உட்கார்ந்து பாடியது. பொறுக்க முடியவில்லை. ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக, மனைவிக்குத் தெரியாமல், கண்ணாடிக்காரருக்குப் போன் செய்தேன்.

"பால்கனியைச் சுத்திக் கண்ணாடி அடைக்கணும். ஒரு சத்தம் உள்ள வரக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் வர முடியும்?"

"எந்த வீடு சார்?"

சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. மிஷின் புண்ணியத்தில் மிகத் தெளிவாகவே கேட்டது.

"அட, மூணாவது மாடி அக்கா வீடா? கண்ணாடியெல்லாம் வெட்டி ரெடியா இருக்கு சார். 'மிஷின் மாட்டின ஒரு வாரத்துல சாரே உங்களுக்குப் போன் பண்ணுவார், பண்ணினதும் வாங்க'ன்னு உங்களுக்கு மாட்டின அன்னிக்கே அக்கா சொல்லிட்டாங்க. நீங்கதான் ஒரு நாள் முந்திட்டீங்க."